பதினெட்டடிக் காற்று

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள கிராண்ட் ராபிட்ஸ் நகரில் ஜேம்ஸ் யார்க் என்பவர் தொடங்கிய கம்பெனி, இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் பேண்டு வாத்தியங்களுக்குப் பெயர்போனது. 1930களின் தொடக்கத்தில் பிலடெல்பியா ஆர்க்கெஸ்ட்ராவை லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி நடத்திவந்தார். அரங்கின் அடித்தளத்தையே நிரப்பும் கனத்த ஒலி அவருக்குத் தேவைப்பட்டது. அதற்காக யார்க் பட்டறை, பித்தளை ஊதுகருவிகளில் மிகத் தாழ்ந்த சுரம் தரும் டியூபாவைப் பெரிய அளவில் இரண்டு செய்துகொடுத்தது. குழுவின் டியூபா கலைஞர் பிலிப் டொனடெல்லிக்கு அவற்றில் ஒன்று உடம்புக்கு வாகாக அமையவில்லை. தன் மாணவர் ஆர்னால்ட் ஜேக்கப்ஸுக்கு 175 டாலருக்கு அதைக் கொடுத்துவிட்டார். ஜேக்கப்ஸ் 1944 முதல் 1988 வரை சிகாகோ சிம்பனியில் டியூபா வாசித்தார். அந்த ஒலியைக் கேட்டு வளர்ந்த தலைமுறை, டியூபா என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டிவிட்டது. ஸ்விட்சர்லாந்தின் ஹிர்ஸ்ப்ரூனரும் ஜப்பானின் யமஹாவும் அந்த யார்க்கை அளந்து பார்த்து, அதே அமைப்பில் புதிய டியூபாக்களைச் செய்தன. இரண்டு யார்க்குகளும் இன்று சிகாகோ சிம்பனியின் சொத்து.

அவை இரண்டும் விலைக்கு வரப்போவதில்லை. ஆனால் அதே பட்டறை ஊர் பேண்டுகளுக்கும் பள்ளிகளுக்கும் செய்த எத்தனையோ டியூபாக்கள் வால்வு தேய்ந்து, அடிப்பாகம் நசுங்கி, கிடங்குகளில் கிடந்தன. யார்க் மட்டுமல்ல, கான், ஹோல்டன், மார்ட்டின் என்று அன்றைய அமெரிக்கப் பட்டறைகள் பலவற்றின் கருவிகளுக்கும் இதே கதிதான். அவற்றை வாங்கிப் பிரித்து, அறுத்து, வேறு வால்வு பொருத்தி, ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிக்கத்தக்க டியூபாவாக மாற்றும் வேலை அமெரிக்காவில் ஒரு தனிக் கைத்தொழிலாகவே வளர்ந்துவிட்டது. அதில் ஒரு பகுதி வீட்டுப் பின்கட்டிலும் கார் ஷெட்டிலும் நடக்கிறது. செய்பவர்களில் பலர் டியூபா வாசிப்பவர்கள். பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். அவர்கள் கையில் நடக்கும் இயற்பியலும் உலோகவியலும் ஒரு பாடப்புத்தகத்துக்குக் குறைந்தவை அல்ல.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். டியூபாவில் ஒலிப்பது பித்தளை அல்ல, பித்தளைக்குள் இருக்கும் காற்று. வாசிப்பவரின் உதடு அதிர்ந்து காற்றைத் துடிக்கவைக்கிறது. அந்தத் துடிப்பு குழாய் நெடுகப் போய், விரிந்த வாயில் ஒரு பங்கு வெளியேற, மறுபங்கு திரும்பி வந்து உதட்டையே தட்டுகிறது. போவதும் வருவதும் ஒத்துப்போகும் அதிர்வெண்களில் மட்டும் குழாய்க்குள் நிலை அலை எழுகிறது. அந்த அதிர்வெண்கள்தான் ஊதினால் வரும் சுரங்கள். அவற்றைத் தீர்மானிப்பவை இரண்டு: காற்றுத் தூணின் நீளம், அது எந்த இடத்தில் எவ்வளவு விரிகிறது என்ற கணக்கு. உலோகத்தின் பங்கு மிகச் சிறியது. 1980களில் பிரிட்டனின் ரிச்சர்ட் ஸ்மித், வெவ்வேறு தடிமனில் டிராம்போன் வாய்களைச் செய்து, தேர்ந்த கலைஞர்களின் கண்ணைக் கட்டி வாசிக்கவைத்தார். எது எதுவென்று அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. பழைய பித்தளை வயதாக ஆக இனிமை கூடுகிறது என்ற நம்பிக்கைக்கு நான் மதிப்புத் தரமாட்டேன். யார்க்கின் பெருமை அதன் குழாய் விரியும் விதத்தில் இருக்கிறது. அதனால்தான் அதை அளந்து செய்த புதிய கருவிகளும் நன்றாக ஒலிக்கின்றன. அதனால்தான் வெளித்தோற்றத்தில் பாழாய்ப்போன ஒரு பழைய டியூபாவையும் மீட்க முடிகிறது.

இனி நீளம். ஊர் பேண்டுகளுக்கான அந்தக் காலத்து டியூபாக்களில் பெரும்பாலானவை பி ஃபிளாட் சுருதியில் இருப்பவை. சுருளை அவிழ்த்து நேராக்கினால் ஏறத்தாழ 18 அடி, அதாவது ஐந்தரை மீட்டர் குழாய். அமெரிக்க ஆர்க்கெஸ்ட்ரா கலைஞர்கள் விரும்புவதோ சி டியூபாவை. அது ஏறத்தாழ 16 அடி. இரண்டுக்கும் இடையே ஒரு முழுச்சுரம். குழாயில் கணக்கிட்டால் சுமார் 60 சென்டிமீட்டர். சி டியூபாவின் முதல் வால்வை அழுத்தினால் காற்று கூடுதலாகச் சுற்றிவரும் நீளமும் அதே 60 சென்டிமீட்டர்தான். பி ஃபிளாட் டியூபா என்பது முதல் வால்வை நிரந்தரமாக அழுத்திவைத்த சி டியூபா என்று சொன்னாலும் தப்பில்லை. அந்த 60 சென்டிமீட்டரை அறுத்து எடுப்பதுதான் வேலை. எடுத்த பிறகு ஒவ்வொரு வால்வின் ஸ்லைடும், அதாவது அதைச் சேர்ந்த இழுகுழாயும், அதே விகிதத்தில், பத்து விழுக்காட்டுக்குச் சற்று மேல், குறுக வேண்டும். முதல் ஸ்லைடில் ஏழு சென்டிமீட்டர் குறைக்க வேண்டுமானால், அதற்கு இரண்டு கால்கள் இருப்பதால், ஒரு காலில் மூன்றரை அறுத்தால் போதும். நான்காவதில் மொத்தம் இருபது சென்டிமீட்டர் போகும்.

வால்வுகளின் கணக்கு, டியூபா பிறந்த நாளிலிருந்தே அதைத் துரத்திவரும் சிக்கல். 1835 செப்டம்பர் 12 அன்று பிரஷ்ய ராணுவ இசைத் தலைவர் வில்ஹெல்ம் வீப்ரெக்ட்டும் பெர்லின் கருவிக் கலைஞர் யோஹான் மோரிட்ஸும் டியூபாவுக்குக் காப்புரிமை பெற்றபோதே அதில் ஐந்து வால்வுகள் இருந்தன. மூன்று ஏன் போதாது? ஓர் அரைச்சுரம் இறங்கக் குழாய் 5.95 விழுக்காடு நீள வேண்டும். அதை இரண்டாவது வால்வு தருகிறது. இரண்டு அரைச்சுரத்துக்கு 12.25, அது முதல் வால்வு. மூன்று அரைச்சுரத்துக்கு 18.92; அது மூன்றாவது. தனித்தனியே அழுத்தினால் எல்லாம் சரி. ஒன்றையும் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கிடைப்பது 31.17 விழுக்காடு. ஐந்து அரைச்சுரம் இறங்கத் தேவையோ 33.48. மூன்றையும் அழுத்தினால் கிடைப்பது 37.12, தேவை 41.42. ஒரு வால்வை அழுத்தியதுமே குழாய் நீண்டுவிடுகிறது. அடுத்த வால்வு அந்த நீண்ட குழாய்க்கு 12 விழுக்காடு சேர்க்க வேண்டும். அது அளந்து வெட்டப்பட்டதோ பழைய குட்டைக் குழாய்க்கு. டிரம்பட் போன்ற சிறிய கருவியில் இந்தக் குறை சில சென்டிமீட்டர்தான். ஐந்தரை மீட்டர் டியூபாவில் மூன்று வால்வுக்குமாகச் சேர்ந்து 23 சென்டிமீட்டருக்கு மேல் துண்டுவிழுகிறது. இரண்டிலும் சுரம் ஏறக்குறைய அரைச்சுரத்தில் பாதி அளவு உயர்ந்துவிடும். எந்தக் காதுக்கும் அது தப்பாது.

1874இல் பிரிட்டனின் டேவிட் பிளைக்லி இதற்கு ஓர் அழகான தீர்வு கண்டார். வால்வுகளைச் சேர்த்து அழுத்தினால் காற்று இன்னொரு முறை வால்வுக்குள் புகுந்து, குறைகிற நீளத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும். அமெரிக்கர்கள் போன வழி வேறு. ஒன்றும் மூன்றும் சேர்ந்து தர வேண்டிய 33.48 விழுக்காட்டை ஒரே வால்வில் தரும் நான்காவது வால்வு. அதற்கு மேல் ஓர் ஐந்தாவது. நான்காவதை அழுத்திய சி டியூபாவில் ஒரு முழுச்சுரம் இறங்க 60 சென்டிமீட்டர் போதாது, 80 வேண்டும். பெரும்பாலும் ஐந்தாவது வால்வு அந்த 80க்கு அருகில் வெட்டப்படுகிறது. கட்டைவிரலால் இயங்கும் சுழல் வால்வாக அது சேர்க்கப்படுவது வழக்கம். பழைய டியூபாவை மாற்றிக் கட்டுபவர்கள் அநேகமாக எல்லாருமே செய்யும் முதல் கூடுதல் வேலை இதுதான். அதோடு நிற்காமல், முதல் ஸ்லைடை மேல்நோக்கித் திருப்பி, வாசிக்கும்போதே இடக்கை அதை இழுத்துத் தள்ளும்படி அமைத்துக்கொள்கிறார்கள். மிச்சமிருக்கும் பிசிறை அந்தக் கை சரிசெய்யும். இந்த ஏற்பாடு என் மனத்துக்கு மிகவும் பிடித்தது. கணக்கால் முழுதாகத் தீர்க்க முடியாததைக் கேட்கிற காதுக்கும் நகர்கிற கைக்கும் விட்டுவிடுகிறார்கள்.

அறுபது சென்டிமீட்டரை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் வேலையின் உயிர்நிலை. டியூபாவின் குழாய் வால்வுகளுக்கு அருகே சுமார் 19 மில்லிமீட்டர் உள்விட்டத்தில் தொடங்கி, வாயருகே அரை மீட்டர் அகலம் வரை விரிகிறது. விரிந்த வாயில் கத்தி வைக்கக் கூடாது. திரும்பும் அலையைத் தீர்மானிப்பது அதுதான். வால்வுகளை ஒட்டிய நேர்க்குழாயிலும் சுருதி ஸ்லைடிலும் அறுப்பது எளிது. விட்டம் மாறாததால் வெட்டிய முனைகள் ஒன்றோடொன்று பொருந்தும். ஆனால் அங்கே அறுபது சென்டிமீட்டர் முழுதும் கிடைப்பதில்லை. மீதியை, கிளைகள் எனப்படும் விரியும் குழாய்ப் பகுதிகளில் எடுக்க வேண்டும். விரியும் குழாயின் நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்தால், இரண்டு முனைகளின் விட்டமும் ஒத்துப்போகாது. ஒன்றை விரித்து மற்றதைச் சுருக்கி, இணைப்பு வளையம் போட்டு ஒட்ட வேண்டும். அங்கே உள்ளுக்குள் ஒரு படி உண்டாகிவிடுகிறது.

அந்தப் படி என்ன செய்யும் என்பதற்கு விடை, ராலே பிரபு பத்தொன்பதாம் நூற்றாண்டில் வகுத்த ஒரு விதியில் இருக்கிறது. நிலை அலையில் சில இடங்களில் அழுத்தம் பலமாக ஏறி இறங்கும், காற்று அசையாது. வேறு சில இடங்களில் காற்று பலமாக முன்னும் பின்னும் ஓடும், அழுத்தம் மாறாது. அழுத்தம் மாறும் இடத்தில் குழாயை அகலப்படுத்தினால் சுரம் இறங்கும். காற்று ஓடும் இடத்தில் அகலப்படுத்தினால் ஏறும். குறுக்கினால் நேரெதிர். சிக்கல் எங்கே என்றால், இந்த இடங்கள் சுரத்துக்குச் சுரம் மாறுகின்றன. ஒரு சுரத்தின் அழுத்த உச்சம் இருக்கும் அதே இடத்தில் மற்றொன்றின் காற்றோட்டம் உச்சத்தில் இருக்கலாம். ஒரே படி ஒரு சுரத்தைத் தூக்கி இன்னொன்றைத் தாழ்த்திவிடும். மவுத்பீஸை ஒட்டிய பகுதி மட்டும் எல்லாச் சுரங்களுக்கும் அழுத்த உச்சம். அதனால்தான் அந்த ஊதுகுழாயின் உள்விட்டத்தில் ஒரு நூலளவு மாறினாலும் கருவி முழுவதும் குணம் மாறுகிறது. இசைக் கருவிகளின் இயற்பியலைத் தன் வாழ்நாள் பணியாக எடுத்துக்கொண்ட ஆர்தர் பெனேட், கருவி செய்பவருக்கு இந்த விதியை எப்படிப் பயன்படுத்துவது என்று விரிவாக எழுதிவைத்தார். வீட்டுப் பட்டறைக்காரர்கள் எல்லாரும் அதைப் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் எந்த வளைவை எத்தனை சென்டிமீட்டர் குறைத்தபோது எந்தச் சுரம் கெட்டது என்று குறித்துவைத்து, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். அறுக்கும் முன்பே ஒவ்வொரு சுரத்தையும் மின்னணுச் சுருதிமானியில் பார்த்து எழுதிவைப்பது நல்ல பழக்கம். அறுத்த பின் அது கிடைக்காது.

இத்தனையும் வீட்டில் செய்ய முடிவதற்குக் காரணம், அன்றைய பட்டறைகள் டியூபாவின் பகுதிகளை மென்பற்றால் ஒட்டியதுதான். வெள்ளீயமும் காரீயமும் சேர்ந்த அந்தப் பற்று 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். பித்தளை உருகுவதோ 900 டிகிரிக்கு மேல். தன் வலுவை இழந்து மிருதுவாவதற்கே பித்தளைக்குப் பல நூறு டிகிரி தேவை. ஆகவே ஒரு சிறிய காஸ் டார்ச் போதும். கிளை கிளையாகக் கழற்றலாம், உலோகத்துக்குச் சேதமில்லை. பக்கத்து ஒட்டு கழன்று விழாமல் இருக்க அதன்மேல் ஈரத்துணியைச் சுற்றிவைப்பார்கள். வெள்ளிப் பற்று வைத்த இடங்களும் சில உண்டு. அது 600 டிகிரிக்கு மேல் கேட்கும். பழைய வெள்ளிப் பற்றில் காட்மியம் கலந்திருப்பது சகஜம். அதன் புகை நுரையீரலைக் கொல்லும். அதைத் திறந்த வெளியில்கூட வீட்டில் சூடாக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. காரீயத்தைத் தொட்ட கையோடு சாப்பிடவும் கூடாது.

கழற்றிய குழாய்க்குள் நூறாண்டு எச்சிலும் எண்ணெயும் சுண்ணாம்பும் படிந்திருக்கும். வெந்நீரும் சோப்பும் முதலில், பிறகு நீர்த்த சிட்ரிக் அமிலம். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும்போது நடக்கும் அதே வேதியியல்தான். சுத்தமானதும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மஞ்சள் பரப்பில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் கவலைக்குரியது. பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. ஈரம் உள்ளிருந்து துத்தநாகத்தை மட்டும் கரைத்துக் கொண்டுபோக, மிஞ்சுவது பஞ்சுபோல் துளைபட்ட செம்பு. ஊதுகுழாய்தான் முதலில் இப்படி அரிக்கும். மெருகேற்றி மறைப்பதில் பயனில்லை, மாற்றியே ஆக வேண்டும். 15 விழுக்காட்டுக்கு மேல் துத்தநாகம் இல்லாத செந்நிறப் பித்தளையில் புதுக்குழாய் செய்தால் இந்த நோய் அண்டாது.

இன்னொரு நோய்க்கும் இந்தியாவுக்கும் தொடர்பு உண்டு. பிரிட்டிஷ் ராணுவம் இங்கே இருந்த காலத்தில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்த தோட்டாக்களின் பித்தளை உறைகள், யாரும் தொடாமலேயே விரிசல் விட்டன. காரணம் 1921இல்தான் தெளிவாக விளங்கியது. குதிரைச் சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியா, காற்றின் ஈரம், உறையை இழுத்து உருவாக்கியபோது உலோகத்துக்குள் தங்கிப்போன இழுவிசை ஆகிய மூன்றும் கூடினால் பித்தளை பிளக்கும். டியூபா கட்டுபவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் நேரடியானது. பொருந்தாத இரண்டு குழாய்களைக் கையால் வளைத்துப் பிடித்து, அந்த இழுவையோடு பற்று வைத்தால், இழுவை அந்த ஒட்டுக்குள்ளேயே தங்கிவிடும். நாளடைவில் ஒட்டு விடும், அல்லது குழாய் விரிசல் விடும். நல்ல கைக்காரர் டார்ச்சைப் பற்றவைக்கும் முன்பே எல்லாத் துண்டுகளும் தன்னால் உட்கார்ந்து நிற்கும்வரை வளைத்து, அரத்தால் ராவி, மறுபடி வைத்துப் பார்ப்பார். நேரம் பெரும்பாலும் இதில்தான் போகிறது. போகவும் வேண்டும்.

வளைக்க வளைக்கப் பித்தளை இறுகும். அதன் படிக அடுக்குகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால் மேலும் வளைத்தால் கீறல் விடும். மங்கிய வெளிச்சத்தில் லேசான சிவப்புத் தெரியும்வரை காய்ச்சினால் புதிய படிகங்கள் வளர்ந்து உலோகம் இளகிவிடுகிறது. எஃகைப் போலல்லாமல் உடனே தண்ணீரில் முக்கினாலும் பித்தளை இறுகுவதில்லை. வெறும் குழாயை வளைத்தால் நசுங்கும் என்பதால், உள்ளே கீலையோ 70 டிகிரியிலேயே உருகும் பிஸ்மத் கலவையையோ ஊற்றி இறுகவைத்து, வளைத்த பின் உருக்கி வடித்துவிடுவார்கள்.

நசுங்கல் எடுக்கும் வேலைக்கு இப்போது வலிமையான நியோடிமியம் காந்தம் வந்துவிட்டது. பித்தளையைக் காந்தம் இழுக்காது. குழாய்க்குள் ஓர் எஃகு உருண்டையைப் போட்டு வெளியிலிருந்து காந்தத்தை நகர்த்தினால், உருண்டை நசுங்கிய இடத்தை உள்ளிருந்து உருட்டி உருட்டி எழுப்பிவிடும். எல்லா நசுங்கலையும் எடுக்க வேண்டுமா என்றால், தேவையில்லை. டியூபாவின் அலைகள் மீட்டர் கணக்கில் நீளமானவை. அகன்ற அடிவளைவில் கையகல நசுங்கல் காற்றுத் தூணின் கொள்ளளவில் சிறு பங்கு. ஒலிக்கு அநேகமாக ஒன்றும் ஆகாது. குறுகிய ஊதுகுழாயில் ஒரு பட்டாணி அளவு நசுங்கல் அதைவிடக் கெடுதி. பணமும் பொறுமையும் குறைவாக இருந்தால் குறுகிய குழாய்களை முதலில் பாருங்கள். பளபளப்புக்காக இயந்திரத்தில் கொடுத்து அழுத்தி மெருகேற்றுவதை நான் ஏற்கமாட்டேன். ஒவ்வொரு மெருகும் ஏற்கெனவே மெலிந்த தகட்டிலிருந்து உலோகத்தைச் சீவுகிறது.

வீட்டுப் பட்டறையின் எல்லை வால்வில் வருகிறது. பிஸ்டனுக்கும் அதன் உறைக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. பல பத்தாண்டுகள் விரல் பட்டுத் தேய்ந்தால் அந்த இடைவெளி பெருகி, காற்று பக்கவாட்டில் கசியும். அலை திரும்பி உதட்டைத் தட்டும் வலு குன்றி, சுரங்கள் குழைந்துவிடும். பிஸ்டனுக்கு மின்பூச்சாக நிக்கல் ஏற்றி, உறையைச் சாணை பிடித்து, இரண்டையும் இழைத்துப் பொருத்த வேண்டும். நிக்கல் உப்புகளும் அமிலமும் வீட்டில் வைக்கத் தக்கவை அல்ல. அதற்கென்றே பட்டறைகள் இருக்கின்றன, அங்கே அனுப்புவதே முறை. அல்லது வேறொரு டியூபாவின் நல்ல வால்வுத் தொகுதியை அப்படியே எடுத்துப் பொருத்தலாம். பழைய யார்க் உடலும் புதிய வால்வுகளும் கூடிய டியூபாக்கள் பல இன்று மேடை ஏறுகின்றன.

முழுதாக, நல்ல வால்வுகளோடு தப்பிப் பிழைத்த ஒரு பழைய பி ஃபிளாட் டியூபாவை சி சுருதிக்காக அறுப்பது சரியல்ல என்று நினைக்கிறேன். அது அறுத்தால் திரும்பாத சாட்சி. அடுத்து அளந்து பார்க்க வருபவருக்கு அது வேண்டும். அறுக்கத் தக்கவை ஏற்கெனவே வால்வு போனவை, கிளை தொலைந்தவை, ஒருமுறை மோசமாகப் பழுதுபார்க்கப்பட்டவை. அவை கிடைப்பதற்கு அமெரிக்காவில் இன்னும் பஞ்சமில்லை.

நம் ஊரிலும் தேவாலய பேண்டு அறைகளிலும் பள்ளிக் கிடங்குகளிலும் பழைய பித்தளை வாத்தியங்கள் கிடக்கின்றன. அவற்றை எடைக்குப் போடும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை இரண்டு சென்டிமீட்டர் வெளியே இழுங்கள். சில நொடி பொறுத்து வால்வை அழுத்துங்கள். "டப்" என்று காற்று வெடிக்கும் சத்தம் கேட்டால் வால்வு இன்னும் காற்றைப் பிடித்துவைக்கிறது என்று பொருள். அந்த வாத்தியத்தைக் காயலான் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.